போனிலேயே தொடங்கும் பாதுகாப்பு: வீடு மாற்றித் தரும் சிறு தொழிலுக்கு ஓர் எளிய விளக்கம்

வீடு மாற்றித் தரும் தொழிலைத் தொடங்கப் பெரிய முதலீடு தேவையில்லை. ஒரு குட்டியானை (டாடா ஏஸ் போன்ற சின்ன லோடு வண்டி), நல்ல கயிறு, தார்ப்பாய், பழைய கம்பளிகள், நம்பிக்கையான இரண்டு மூன்று லோடுமேன்கள், எல்லோருக்கும் தெரிந்த ஒரு போன் நம்பர். இவ்வளவு இருந்தால் போதும். கூடவே வீட்டுக்கு வீடு சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் டெலிவரி வேலையும் சேர்ந்துகொள்ளும். ஆனால் இந்தத் தொழிலின் உண்மையான முதல், ஆட்களின் முதுகும் முட்டியும்தான். இளம் வயதில் அரிசி மூட்டையை அநாயாசமாகத் தூக்கியவர், ஐம்பதைத் தொடுவதற்குள் கீழே விழுந்த சாவியை எடுக்கக்கூடச் சிரமப்படுவதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பார்த்திருப்பார்கள். அது வயதின் கோளாறு என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது வேலையின் கோளாறு, தடுத்திருக்கக்கூடியதும்கூட.

பாதுகாப்பு என்றதும் கையுறை, இடுப்பு பெல்ட், ஷூ என்று வாங்க வேண்டிய பொருட்கள்தான் நினைவுக்கு வருகின்றன. அவை கடைசியில் வர வேண்டியவை. மாடிப்படியில் நடக்கும் விபத்து பல நேரம் முந்தின நாள் போனிலேயே முடிவாகிவிடுகிறது. "சாமான் கொஞ்சம்தாங்க, ரெண்டு பேர் போதும்" என்கிறார் வாடிக்கையாளர். நாமும் அதற்கேற்ப ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறோம். மறுநாள் போனால் மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, உள்ளே ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின், ஒரு இரும்பு பீரோ. பேசிய தொகையில் மூன்றாவது ஆளுக்குக் கூலி இல்லை. இரண்டு பேரே தூக்குகிறார்கள். அந்த நேரத்தில் இடுப்பு பெல்ட் என்ன செய்யும்?

அதனால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஆபத்து மதிப்பீடு. பெயர்தான் பெரிது, விஷயம் மூன்று கேள்விகள்: இந்த வேலையில் அடிபட வைக்கக்கூடியது எது? யாருக்கு, எப்படி அடிபடும்? அதற்கு என்ன செய்யப்போகிறோம்? மூன்றாவது கேள்விக்குப் பதில் தேடுவதில் ஒரு வரிசை உண்டு. அந்தச் சுமையைத் தூக்காமலே இருக்க முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். முடியாதென்றால் பிரித்து எடை குறைப்பது, சக்கரத்தில் ஏற்றுவது. அதற்குப் பிறகுதான் ஆள் கூட்டுவதும் தூக்கும் முறையும். கையுறையும் ஷூவும் எல்லாவற்றுக்கும் கடைசி. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, கையுறை வாங்கிக் கொடுத்ததோடு பாதுகாப்பு முடிந்தது என்று நினைப்பதுதான் சிறு நிறுவனங்களில் அதிகம் நடக்கிறது.

போனில் கேட்க வேண்டியவை

இரண்டு வீடுகளும் எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, படி எவ்வளவு அகலம், வண்டி வாசல் வரை வருமா? இதை எல்லோரும் கேட்பார்கள். அதோடு சாமான்களைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: பீரோ எத்தனை, இரும்பா மரமா? வாஷிங் மெஷின் மேலே திறப்பதா, முன்னால் திறப்பதா? இன்வெர்ட்டர் பேட்டரி? பழைய கல் கிரைண்டர், ஆட்டுக்கல், அம்மி ஏதாவது? மீன் தொட்டி? வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு போட்டோ, மாடிப்படி திரும்பும் இடத்துக்கு ஒரு போட்டோ அனுப்பச் சொன்னால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இவ்வளவு கேட்பது ஏனென்றால், எடை கண்ணுக்குத் தெரியாது. மேலே திறக்கும் வாஷிங் மெஷின் பெரும்பாலும் 30 முதல் 40 கிலோவுக்குள் இருக்கும். அதே உயரத்தில் இருக்கும் முன்பக்கம் திறப்பது 60 கிலோவைத் தாண்டும். டிரம் ஆடாமல் இருக்க உள்ளே கான்கிரீட் கட்டிகளை வைத்திருக்கிறார்கள். இன்வெர்ட்டருக்கு வைக்கும் 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி முழங்கால் உயரம்கூட இருக்காது, ஆனால் 50 கிலோவுக்கு மேல். வீட்டு சிலிண்டரில் எரிவாயு 14.2 கிலோதான், இரும்போடு சேர்த்தால் சுமார் 30 கிலோ.

எவ்வளவு தூக்கலாம்? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இல், ஓர் ஆண் தொழிலாளி கையால் தூக்குவதற்கு 55 கிலோவை உச்சமாகப் பரிந்துரைத்தது. இன்றைய வழிகாட்டல்கள் அதைவிட வெகுவாகக் கீழே இறங்கிவிட்டன. பிரிட்டனின் தொழில் பாதுகாப்புத் துறை சொல்லும் வழிகாட்டு அளவு, உடம்போடு ஒட்டி, இடுப்பு உயரத்தில் பிடித்தால் ஆணுக்கு 25 கிலோ, பெண்ணுக்கு 16. அதே ஆண் தோள் உயரத்தில் கையை நீட்டிப் பிடித்தால் 10 கிலோதான். தரை மட்டத்தில் கையை நீட்டித் தூக்கினால் வெறும் 5. இன்னொன்றையும் சொல்கிறார்கள்: இரண்டு பேர் சேர்ந்தால் இருவரின் அளவையும் கூட்டி அதில் மூன்றில் இரண்டு பங்குதான் பாதுகாப்பாகத் தூக்க முடியும். மூன்று பேர் என்றால் பாதி. ஒருவர் வேகம் மற்றவருக்கு ஒத்துவராது, எல்லோருக்கும் நல்ல பிடி கிடைக்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று ஆண்களுக்கு 75 கிலோ, அதில் பாதி 37 கிலோ சொச்சம். 65 கிலோ மெஷினை மூன்று பேர் தூக்கினாலும் வழிகாட்டு அளவைத் தாண்டிவிடுகிறது. நம் லோடுமேன்கள் தினமும் இதைத் தாண்டித்தான் தூக்குகிறார்கள் என்பது தெரிந்ததே. இது சட்டம் போட்ட எல்லையும் இல்லை. ஆனால் எண் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: ஆள் கூட்டினால் மட்டும் பிரச்சினை தீராது, சக்கரம் வேண்டும். ஒரு நல்ல டிராலி, முடிந்தால் மூன்று சக்கரம் சேர்ந்து சுழன்று படியேறும் டிராலி, தோளில் மாட்டித் தூக்கும் பட்டை. புதிதாகத் தொடங்குபவர் கையில் காசு இருந்தால் வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு முன் இவற்றை வாங்கட்டும்.

முதுகு எப்படிப் போகிறது

20 லிட்டர் தண்ணீர் கேனை வயிற்றோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள், அப்புறம் அதையே கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். எடை மாறவில்லை, ஆனால் இரண்டாவது முறை இடுப்பு கத்தும். காரணம் எளிது. நம்மை நிமிர்த்திப் பிடிக்கும் முதுகுத் தசைகள் முதுகெலும்பின் நடுவிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் பின்னால்தான் இருக்கின்றன. சுமை 50 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால், 20 கிலோவைத் தாங்க அந்தத் தசை 200 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். அந்த அழுத்தம் முழுவதும் கீழ்முதுகில் உள்ள டிஸ்க் மேல் விழுகிறது. 25 சென்டிமீட்டருக்கு நெருக்கினாலே அழுத்தத்தில் பாதி குறைந்துவிடும். குனிந்தால் நம் உடம்பின் மேல்பாதி எடையும் இந்தக் கணக்கில் சேரும். எனவே "முட்டியை மடக்கித் தூக்கு" என்று சொல்வது சரிதான், ஆனால் அதைவிட முக்கியம் சுமையை உடம்போடு ஒட்டிப் பிடிப்பது. தூக்கியபடியே இடுப்பைத் திருப்புவது எல்லாவற்றிலும் மோசம். வண்டியில் ஏற்றும்போது கீழிருந்து வாங்கி அப்படியே திரும்பி மேலே கொடுக்கிறோமே, அங்கேதான் பலருக்குப் பிடித்துக்கொள்கிறது. காலை நகர்த்தி முழு உடம்போடு திரும்ப வேண்டும். வண்டியில் நெடுநேரம் உட்கார்ந்து வந்தவர்கள் இறங்கியதுமே கனமானதில் கை வைக்கக் கூடாது. முதல் பத்து நிமிடம் தலையணை, நாற்காலி, அட்டைப்பெட்டி என்று தொடங்கட்டும்.

இடுப்பு பெல்ட் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்க அரசின் தொழில்நலன் ஆய்வு அமைப்பான நியோஷ் 1994-இலேயே, ஆரோக்கியமான தொழிலாளிக்கு இந்த பெல்ட் முதுகுக் காயத்தைத் தடுக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. பெல்ட் போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் கூடுதலாகத் தூக்குவதே அதில் உள்ள ஆபத்து.

ஒரு பீரோ இறங்கும் கதை

இரண்டாவது மாடி, குறுகலான படி, நடுவில் ஒரு திருப்பம். இறக்க வேண்டியது ஆறடி இரும்பு பீரோ. காலியாக இருந்தாலே 70, 80 கிலோ இருக்கும். வீட்டுக்காரர் "புடவைதானே, உள்ளேயே இருக்கட்டும்" என்பார். ஒப்புக்கொள்ளவே கூடாது. எடை கூடுவது ஒருபக்கம், சாய்க்கும்போது உள்ளிருப்பது ஒரே பக்கம் சரிந்து பிடியை மாற்றிவிடுவது இன்னொரு பக்கம். துணி, நகைப்பெட்டி, மேலே வைத்த சூட்கேஸ் எல்லாம் முதலில் வெளியே வர வேண்டும். உள்தட்டுகள் கழன்று வந்தால் கழற்றிவிடலாம். கதவைப் பூட்டி, சாவியை வீட்டுக்காரர் கையில் கொடுத்து, அதற்கும் மேல் கயிற்றால் ஒரு சுற்று. பாதிப் படியில் கதவு திறந்துகொண்டால் கண்ணாடி யார் முகத்தில் அடிக்கும் என்று சொல்ல முடியாது. விளிம்புத் தகடு கத்தி போல வெட்டும். பிடிக்கும் இடத்தில் கம்பளி அல்லது அட்டை சுற்ற வேண்டும்.

அப்புறம் வெறும் கையோடு ஒருமுறை படியில் இறங்கிப் பார்க்க வேண்டும். ஈரம் இருக்கிறதா, எந்தப் படி உடைந்திருக்கிறது, திருப்பத்தில் பூந்தொட்டியோ சைக்கிளோ நிற்கிறதா, விளக்கு எரிகிறதா. கீழ்வீட்டுக் குழந்தைகளை உள்ளே இருக்கச் சொல்ல வேண்டும். படியில் இறக்கும்போது கீழே நிற்பவர்மேல்தான் எடை அதிகம் விழும். பலசாலி கீழே நிற்பது வழக்கம், அது சரியே. பேசுவது ஒருவர் மட்டும். "நில்லு" என்று யார் சொன்னாலும் எல்லோரும் நிற்க வேண்டும், ஆனால் "நகரு" என்று சொல்லும் உரிமை அந்த ஒருவருக்குத்தான். திருப்பம் வந்ததும் பீரோவை ஊன்றி வைத்துவிட்டு மூச்சு விட்டுக்கொண்டு பிடியை மாற்ற வேண்டும். பிடி நழுவினால் என்ன செய்வது என்பதை முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்: விட்டுவிட்டு விலகு. பீரோ நெளிந்தால் தட்டிச் சரிசெய்யலாம், காலை அப்படிச் சரிசெய்ய முடியாது. இதை முதலாளி எல்லோர் முன்னாலும், வாடிக்கையாளர் காதிலும் விழும்படி சொல்லியிருந்தால்தான் லோடுமேன் அந்த நொடியில் கையை விடுவார். உடைந்ததற்குக் கூலியில் பிடிப்பார்கள் என்ற பயம் இருக்கும்வரை அவர் சுமையை விடமாட்டார். அதனால் உடைந்த சாமானுக்குக் கூலியில் பிடிக்கும் வழக்கத்தையே நான் ஒரு பாதுகாப்புக் குறைபாடு என்று சொல்வேன்.

படி போதவில்லை என்றால் பால்கனி வழியாகக் கயிறு கட்டி இறக்கலாம் என்ற யோசனை உடனே வரும். நம் தெருக்களில் பால்கனிக்கு எட்டும் தூரத்திலேயே மின்கம்பி போகிறது. ஆடும் இரும்பு பீரோ அதைத் தொட்டால் கயிறு பிடித்திருப்பவர், கீழே நிற்பவர் என எல்லோருக்கும் ஆபத்து. அதற்குரிய கருவியும் பழகிய ஆளும் இல்லையென்றால் வேலையை மறுத்துவிடுங்கள். லிஃப்ட் இருந்தால் உள்ளே ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். ஆளுக்கு 68 கிலோ கணக்கு, அதாவது 6 பேர் லிஃப்ட் என்றால் 408 கிலோ.

வாசலில் கழற்றிய செருப்பும் நல்ல நேரமும்

நம் ஊரில் மட்டுமே வரும் இரண்டு சிக்கல்களை எந்தக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை. ஒன்று, செருப்பு. லோடுமேன்களில் பாதிப்பேர் ரப்பர் செருப்போடு வருகிறார்கள். அதையும் வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் சாமான் தூக்குகிறார்கள், வீட்டுக்குள் செருப்புக் காலோடு போவது மரியாதைக் குறைவு என்பதால். விரலில் கிரைண்டர் விழுந்தால் எலும்பு நொறுங்கும். ஷூ போடு என்று அதட்டுவதால் இது தீராது. வீட்டுக்குள் போட்டுக்கொள்ள மட்டும் துவைத்த, சுத்தமான, அடிப்பகுதி வழுக்காத ஷூ ஒரு ஜோடியை வண்டியில் தனியாக வைத்திருப்பதே வழி. விரல் முனையில் இரும்பு வைத்ததாக இருந்தால் இன்னும் நல்லது. "உள்ளே போட மட்டும் தனி ஷூ வைத்திருக்கிறோம், பூஜை அறைச் சாமானை நீங்களே எடுத்து வைத்துவிடுங்கள்" என்று போனிலேயே சொல்லிவிட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஷூவின் மேல் மாட்டும் துணி உறை டைல்ஸ் தரையில் வழுக்கும், வேண்டாம்.

இன்னொன்று, நேரம். ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலும் யாரும் வீடு மாறுவதில்லை. தையிலும் ஆவணியிலும் முகூர்த்த நாள் பார்த்து எல்லோரும் ஒரே நாளில் கூப்பிடுவார்கள். ஒரே வண்டிக்கு மூன்று வேலை. அதிலும் "ராகு காலத்துக்குள்ள எல்லாம் உள்ளே போயிடணும்" என்ற அவசரம். அவசரத்தில்தான் படியில் ஓடுவதும், கட்டாமல் ஏற்றுவதும் நடக்கும். இதற்கு நம்பிக்கையைக் குறை சொல்ல வேண்டியதில்லை. பால் காய்ச்சத் தேவையானவை, குத்துவிளக்கு, சாமி படம், உப்பு, அரிசி இவற்றை வீட்டுக்காரர்களே நல்ல நேரத்தில் கொண்டுபோய் வைத்துவிடட்டும். மீதிச் சாமான் நிதானமாக வரும். இதைச் சொன்னால் பெரும்பாலான பெரியவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

பள்ளி விடுமுறையில் வீடு மாற்றுவோர் அதிகம். அது சரியாகக் கத்திரி வெயில் காலம். தமிழ்நாடு அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்துவிட்டது. நடுப்பகல் 12 முதல் 3 வரை கனமான வேலை வைக்காமல், விடியலில் தொடங்குவது நல்லது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் அவ்வப்போது தண்ணீர் குடிக்க வேண்டும். அதிகம் வியர்த்தால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட், இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வேலை செய்பவர் திடீரென்று குழறிப் பேசினாலோ, சொன்னது புரியாமல் விழித்தாலோ அதைக் களைப்பு என்று விடாதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிட வேண்டும். வெப்பத் தாக்கு உயிரைப் பறிக்கும்.

வண்டி

டாடா ஏஸ் 2005-இல் வந்தது முதல் சிறு தொழிலின் வண்டியே அதுதான். சுமார் 750 கிலோ ஏற்றலாம். மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடையிலிருந்து வெற்று வண்டியின் எடையைக் கழித்துப் பாருங்கள். கனமானது முதலில், கேபினை ஒட்டி, தாழ்வாக வர வேண்டும். பின்கதவுப் பக்கம் கனம் சேர்ந்தால் முன்சக்கரத்தின் பிடி குறைந்து ஸ்டியரிங் லேசாகிவிடும். கயிறு எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்றால், திடீர் பிரேக்கில் சாமானின் எடையில் 80 சதவீதமும் வளைவில் 50 சதவீதமும் கட்டின்மேல் வரும் என்பது ஐரோப்பியக் கணக்கு. 80 கிலோ பீரோ பிரேக் போட்டதும் 64 கிலோ பலத்தோடு முன்னால் வரும். புறப்பட்டு இரண்டு மூன்று கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்திக் கட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள், சாமான் அமர்ந்ததும் கயிறு தளர்ந்திருக்கும். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில், அளவுக்கு மீறி ஏற்றினாலும் பாடிக்கு வெளியே வரம்பு மீறிச் சாமான் நீட்டிக்கொண்டிருந்தாலும் அபராதம் 20,000 ரூபாய்.

இந்த வண்டியின் கேபினில் டிரைவரைத் தவிர ஒருவர்தான் உட்கார முடியும். அப்படியானால் இரண்டாவது, மூன்றாவது லோடுமேன் எங்கே? மெத்தையின் மேல், பீரோவைப் பிடித்துக்கொண்டு. நாம் பார்த்துப் பழகிவிட்ட இந்தக் காட்சிதான் இந்தத் தொழிலின் மிகப் பெரிய ஆபத்து என்று நினைக்கிறேன். சாமான் சரிந்தால் அவர்மேல் விழும், கட்டுத் தெறித்தால் அவர் சாலையில் விழுவார். அவர்கள் ஆட்டோவிலோ பைக்கிலோ வரட்டும். அந்தச் செலவை பில்லில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். பின்னால் எடுக்கும்போது ஒருவர் மட்டும் டிரைவரின் கண்ணாடியில் தெரியும்படி பக்கவாட்டில் நின்று சொல்ல வேண்டும். அவர் கண்ணாடியில் தெரியவில்லை என்றால் டிரைவர் வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

சில சாமான்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். சிலிண்டரில் ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும், மூடிய பெட்டி வண்டியில் கூடாது. ஊர் மாறுகிறார்கள் என்றால் ஏஜென்சியில் ஒப்படைத்து மாற்றுச் சீட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், நமக்கும் ஒரு சுமை குறையும். பேட்டரியைச் சாய்க்கவே கூடாது. மோதிரம், காப்பு எல்லாம் கழற்றிவிட்டு, முனைகளை ரப்பரால் மூடிய பிறகே தொட வேண்டும். அமிலம் பட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடமாவது கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். ஃப்ரிட்ஜில் ஆர் 600ஏ என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பது தீப்பற்றும் வாயு, பின்பக்கக் குழாயைப் பிடித்துத் தூக்கக் கூடாது.

டெலிவரி ஆட்களுக்கும் முதுகுக் கணக்கு இதேதான். 15 கிலோவைத் தாண்டும் பார்சலில் எடையைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பைக்கில் கால் வைக்கும் இடத்தை அடைத்துச் சுமை வைக்கக் கூடாது. தெருநாய் கடித்தால், எவ்வளவு சின்னக் கீறலாக இருந்தாலும், 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி போட வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசம்.

சொல்லத் தயங்கும் விஷயம் ஒன்று உண்டு, குடி. உடம்பு வலிக்காகக் குடிப்பதாகத் தொழிலாளர்கள் சொல்வது உண்மை, அந்த வலி உண்மை. ஆனால் வேலை முடியும் முன்பே ஒரு குவார்ட்டருக்குக் காசு கொடுத்து உற்சாகப்படுத்தும் முதலாளி அடுத்த மாடிப்படியில் நடக்கப்போவதற்குப் பொறுப்பாளி. அந்தக் காசைக் கூலியில் சேர்த்துக் கொடுங்கள், வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு கொடுங்கள். வலி குறைவதற்கு அது உதவும்.

கடைசியாக, காப்பீடு. வேலையில் அடிபட்டவருக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்ற சட்டம் இந்தியாவில் 1923-லேயே வந்துவிட்டது. நிறுவனம் சிறியது என்பதால் பொறுப்பு போய்விடாது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ. பொதுவாகப் பத்துப் பேர் வேலை செய்யும் இடத்திலிருந்துதான் தொடங்கும் என்பதால், நாலைந்து பேர் உள்ளவர்கள் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி ஒன்றைத் தனியாக எடுக்க வேண்டும். லோடுமேன்களை உடல் உழைப்புத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்யவும் உதவலாம். 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த வாரியம் அது. பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய்க்கு விபத்து மரணத்துக்கு 2 லட்சம் கிடைக்கும். வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயதுக்காரர் யாரும் சேரலாம். இது பாலிசிக்கு மாற்று இல்லை, அதற்கு மேல் ஒன்று. ஆள் வேலைக்குச் சேரும் முதல் நாளே அவருடைய ரத்த வகை, வீட்டில் கூப்பிட வேண்டிய நம்பர், இந்தக் காப்பீட்டு விவரம் மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி, முதலுதவிப் பெட்டியோடு வண்டியிலேயே வைத்துவிடுங்கள்.